கரையான் அண்டாத மண்

வலது தோளில் வலி காலையிலேயே இருந்தது. மதியத்துக்குள் அது கழுத்துக்கு ஏறி, அங்கிருந்து பின்மண்டைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மருதை மண்வெட்டியைப் பள்ளத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, முகமூடியைத் தாடைக்கு இறக்கி மூச்சை இழுத்தார். இழுத்திருக்கக் கூடாது. பெட்ரோல் வாசம் தொண்டைவரை போய் ஒட்டிக்கொண்டது.

"மாஸ்க்கைக் கழட்டாதீங்கண்ணா," என்று மேலே நின்ற இன்ஜினியர் மேகனா சொன்னாள்.

"மாஸ்க்குக்குள்ள வேர்வைதான் மேடம் இருக்கு. காத்து இல்ல."

"அப்ப மேல ஏறி வந்து கழட்டுங்க. உள்ள நின்னுண்டு கழட்டாதீங்க."

காட்டூரில் தஞ்சாவூர் சாலையை ஒட்டி இருந்த பெட்ரோல் பங்க் அது. இப்போது சுற்றிலும் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பூமிக்குள் புதைத்திருந்த டேங்க்கின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்து, எத்தனையோ மாதமாகக் கசிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது பங்க்காரர் அல்ல. பின்தெருவில் போர்வெல் தண்ணீரில் அரிசி களைந்த பெண்கள்தான். சோறு கொதித்தபோது வீடே பங்க் மாதிரி நாறியிருக்கிறது. தெருவே திரண்டு வந்து சாலையில் உட்கார்ந்த பிறகு பங்க்கை மூடினார்கள்.

டேங்க்கைக் கிரேன் வைத்துத் தூக்கியாகிவிட்டது. மிச்சம் இருந்தது, அந்த டேங்க் ஊறவைத்த மண். அதைத் தோண்டி எடுத்து, சமயபுரத்துக்கு அப்பால் இதற்கென்றே வைத்திருந்த யார்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே கெட்டிப் பிளாஸ்டிக் விரித்து, மண்ணைப் பரப்பி, மாதக்கணக்கில் கிளறிச் சுத்தம் செய்வார்களாம். அந்த வேலையை எடுத்த கம்பெனிக்காகத்தான் மேகனா வந்திருந்தாள். ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பெண். வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தாள். பக்கத்துக் கட்டடத்தின் அஸ்திவாரத்தை ஒட்டி ஜேசிபி போகக் கூடாது என்பதால் அந்த மூலையை மட்டும் ஆட்கள் கையால் வெட்டினார்கள். ஆட்களைக் கூட்டி வந்தது பிச்சை மேஸ்திரி.

டீ வந்தது. தகரத்துக்கு வெளியே போய்த்தான் குடிக்க வேண்டும். பீடியும் அங்கேதான், அதுவும் சாலைக்கு அந்தப் பக்கம்.

"மருதை, இப்ப உன் வேட்டிய ஒரு தீக்குச்சி பக்கம் காட்டுனா போதும். வாணவேடிக்கை பாக்கலாம்," என்றார் பிச்சை.

"மொதல்ல நீங்க அந்தப் பீடிய அணைங்க மேஸ்திரி. நான் வெடிச்சா என் சம்பளத்த யாருகிட்ட குடுப்பீங்க?"

"சம்பளமா? மத்தியானம் வெடிச்ச ஆளுக்கு அரைநாள்தான்யா."

பள்ளம் வெட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை செய்கிறவர் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால், தோண்டிய மண்ணில் ஒரு லோடு அவருக்கு. யாரும் யாரையும் கேட்பதில்லை. லாரி போகிற வழியில் கொட்டிவிட்டுப் போய்விடும். திருச்சியில் பாதி வீடுகளின் பேஸ்மட்டத்துக்குள் இருப்பது இன்னொரு வீட்டின் பள்ளம்தான். இந்தத் தடவை வீடு கட்டிக்கொண்டிருந்தவர் மருதை.

"மேலாப்புல எடுத்த செம்மண்ணு அந்தாண்ட குமிஞ்சு கிடக்கு பாரு. மேடமே டெஸ்ட் பண்ணி ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. அதுல ஒரு லோடு போடச் சொல்றேன்," என்றார் பிச்சை.

மருதை தலையை ஆட்டினார். "அது வேணாம் மேஸ்திரி. இந்தக் கறுப்பு மண்ணுதான் வேணும்."

"இது நாறுதுய்யா."

"நாறுறதாலதான் கேக்குறேன். கரையான் அண்டாது."

பிச்சை பீடியைக் காலில் போட்டு நசுக்கிவிட்டு யோசித்தார். பிறகு சிரித்தார். நியாயமாகத்தான் பட்டது. மருதையின் பழைய கூரைவீட்டைக் கரையான் தின்று தீர்த்த கதை அவருக்குத் தெரியும். நிலையைத் தின்றது, கழிகளைத் தின்றது, மகளின் கல்யாணப் புடவை இருந்த பெட்டியை அடியிலிருந்து அரித்துப் புடவையை மண்ணாக்கி வைத்திருந்தது. மருதை வேலை செய்த இடங்களில் எல்லாம் கடைக்கால் தோண்டியதும் வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுவார்கள். வசதி உள்ளவர்கள் மருந்து வாங்கி அடிப்பார்கள். இங்கே மருந்து ஊறிய மண் லோடு லோடாகக் கிடந்தது.

மேகனா முதல் நாளே எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தாள். ஒரு பிடி மண் வெளியே போகக் கூடாது. செருப்பில் ஒட்டியதைக்கூடக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். மருதையும் கேட்டார். வாசத்துக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். பெட்ரோல் என்பது மூடியைத் திறந்து வைத்தால் பறந்துபோகிற சாமான். வெயில் பட்டால் வாசம் போய்விடும், கரையானுக்கு வேண்டியது மட்டும் மண்ணில் தங்கிவிடும். இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. பிச்சையும் யோசிக்கவில்லை. லாரிக்காரனுக்குச் சமயபுரம் வரை போகிற டீசல் மிச்சம் என்பது மட்டும் தெரிந்தது.

லாரி பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் திரும்பி, மேலூர்ப் பக்கம் போய்க் கொட்டியது.

வாழைக்கொல்லையாக இருந்து பிளாட் போட்ட இடம் அது. கொள்ளிடக் கரை கூப்பிடு தூரம். கடப்பாரையைப் போட்டால் மணலாக வரும். மகள் ஆனந்தவள்ளிக்காகத்தான் மருதை அங்கே வீடு கட்டினார். அவள் புருஷன் திருப்பூரில் இன்னொரு பெண்ணோடு இருந்தான். அவள் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடுகிறவள். அவள் நின்ற நிற்பும் இவர் குனிந்த குனிவும் சேர்ந்துதான் பேஸ்மட்டம் வரை எழுந்திருந்தது.

பக்கத்து மனை பஸீலாவுடையது. அவள் புருஷன் அப்துல் மாலிக் இருந்தபோது, ஆட்களோடு ஆளாக நின்று உறை இறக்கி ஒரு கிணறு வெட்டினார். சிமெண்ட் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கிய சின்னக் கிணறு. கோடையிலும் வற்றாது. அவர் மவுத்தான பிறகு பஸீலா இட்லி மாவு அரைத்து விற்றாள். அம்மா மண்டபம் வரைக்கும் மெஸ்களுக்கும் டீக்கடைகளுக்கும் அவள் மாவு போனது. "என் கைல ஒண்ணுமில்ல, தண்ணிதான்," என்பாள். "அவங்க எனக்கு வச்சுட்டுப் போனதுல உருப்படியானது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கடன் கடுதாசி."

மருதை வீட்டுக்குச் செங்கல் நனைத்ததிலிருந்து சிமெண்ட் குழைத்தது வரை எல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். கரண்டுக்காவது ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொன்னால், "கிணத்துக்கு நான் என்ன கரண்டா ஊத்துறேன்? ஊறுறது தானா ஊறுது," என்று சொல்லிவிடுவாள்.

பேஸ்மட்டத்துக்குள் மண்ணை ரொப்பி முடித்ததும் பஸீலா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன மருதண்ணே, வீட்டுக்குள்ள பங்க் வைக்கப்போறீங்களா?"

"கரையான் மருந்தும்மா. ரெண்டு நாள்ல வாசம் போயிடும்."

"நெசமாவா? எங்க நிலையிலயும் புத்துக் கட்டிக்கிட்டு வருது. எனக்கும் ரெண்டு சட்டி குடுங்க."

மருதை தானே சுமந்துகொண்டு போய் அவள் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கொட்டி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக் கொடுத்தார்.

ரொப்பிய மண் இறங்க வேண்டும். இறங்காமல் மேலே தளம் போட்டால் ஒரு மழையில் தளம் வெடித்துவிடும். அதற்குத் தண்ணீர் கட்டுவார்கள். பேஸ்மட்டத்தைத் தொட்டி மாதிரி நிறைத்து விட்டுவிட்டால், மண் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சித் தானாகக் கீழே உட்காரும். பஸீலா தன் மோட்டாரைப் போட்டு ஓஸை இந்தப் பக்கம் தூக்கிப் போட்டாள். மூன்று நாள் அப்படி விட்டார்கள். காலையில் நிறைத்த தண்ணீர் சாயங்காலம் பார்த்தால் இருக்காது. மணல் பூமி குடித்துவிட்டிருக்கும். பிறகு திமிசுக்கட்டையால் இடித்து, சல்லி பரப்பி, தளம் போட்டார்கள். வாசம் அடங்கியது.

"நான்தான் சொன்னேன்ல," என்றார் மருதை மகளிடம். தளத்துக்கு அடியில் மண் அதன்பிறகு ஒரு விரல்கூட இறங்கவில்லை. சுவர் எழும்பி, ஓடு ஏறியது. தை பிறந்ததும் பால் காய்ச்சலாம் என்று ஆனந்தவள்ளி நாள் பார்த்து வைத்தாள்.

மார்கழியில் பெரிய கோயிலில் பகல்பத்து உற்சவம் தொடங்கியது. வெளியூர்க் கூட்டம் வீதிகளில் நிரம்பியது. வருஷத்தில் பஸீலாவுக்கு மாவு அதிகம் போகிற நாட்கள் அவை. அப்போதுதான் மாவு திரும்பி வர ஆரம்பித்தது.

மருதை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தபோது, பஸீலா கிரைண்டரைக் கழற்றி முற்றத்தில் பரப்பிவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"மூணு மெஸ்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்கண்ணே. மாவுல மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குதாம். ஒருத்தர் நேர்லயே வந்து, 'ஏம்மா, பாத்திரத்த விளக்கெண்ணெய்ல கழுவுறியா, மண்ணெண்ணெய்ல கழுவுறியா'ன்னு கேட்டுட்டுப் போறாரு. இந்த மெக்கானிக் பய கிரீஸ அள்ளி அப்பி வச்சுருக்கான், அதுதான் ஒழுவுது. மூணு தடவ கழுவிட்டேன்."

"உங்களுக்கு வாசம் தெரியலயா?"

"எனக்கு எங்க தெரியும்? வாசப்படியில உங்க மருந்துமண்ணு கிடக்கு. உள்ள வரும்போதும் போகும்போதும் அதே வாசம்தான். மூக்கு பழகிப்போச்சு."

மருதை கம்பியைக் கீழே வைத்தார். கிணற்றுக்குப் போய் ஒரு வாளி இறைத்தார். தண்ணீரின் மேல் எதுவும் மிதக்கவில்லை. கண்ணுக்கு நல்ல தண்ணீர். குனிந்து முகர்ந்தார். காட்டூர்ப் பள்ளத்தின் வாசம் அது. அவர் சட்டையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் வீசிய, மனைவி உயிரோடு இருந்திருந்தால் தினமும் திட்டியிருக்கக்கூடிய வாசம்.

வாளியைக் கவிழ்த்தார். கவிழ்த்த பிறகு, கிணற்றடியிலேயே கவிழ்த்துவிட்டோம், அது மறுபடியும் உள்ளேதான் போகும் என்று தோன்றியது.

"என்னண்ணே, தண்ணி நல்லாத்தான இருக்கு?" என்று பஸீலா கேட்டாள்.

"மோட்டார ஒருதரம் பாக்கச் சொல்லுங்கம்மா," என்றார் மருதை. கம்பியை வைக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போனார்.

காட்டூரில் மண் வேலை முடிந்திருந்தது. பள்ளத்தை மூடி, அங்கங்கே குழாய் இறக்கி, பூமிக்குள் இருந்த தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்தார்கள். அது கரி நிரப்பிய பெரிய டிரம்களுக்குள் போய் வடிந்து வந்தது. டிரம் மாற்றுகிற வேலைக்கு மருதையை வைத்திருந்தார்கள். மறுநாள் காலை மேகனா குழாயிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், இந்த மண்ணு வெயில்ல காஞ்சா எல்லாம் போயிடும்ல?"

"மேல இருக்கறது போகும். அடியில இருக்கறது போகாது."

"தண்ணி விட்டா?"

மேகனா பாட்டிலை மூடிவிட்டுத் திரும்பினாள். "தண்ணி விட்டா கீழ போகும். யாருண்ணா தண்ணி விட்டா?"

"சும்மாதான் கேட்டேன்."

"இத யாரும் சும்மா கேக்க மாட்டா."

மருதை கையிலிருந்த பழைய துணியை மடித்தார், பிரித்தார். பிறகு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். கரையானையும் சொன்னார். முடிந்ததும் மேகனா டிரம்மின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அந்தத் தண்ணிய குடிக்கறாளா?"

"குடிக்கிறாங்க. மாவும் அரைக்கிறாங்க."

"எத்தனை நாளா?"

"கார்த்திகைலேருந்து இருக்கும்."

"அதுல இருக்கற சாமான் ரத்தத்துக்குப் போற சாமான்ணா. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. குடிச்சுண்டே இருந்தா ஒருநாள் தெரியும். மொதல்ல அவாள நிறுத்தச் சொல்லணும். நான் வந்து சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம். நான் சொல்றேன்." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அந்தக் கிணறு எப்ப சரியாகும்?"

"மண்ண முழுசா எடுத்துட்டு, இங்க மாதிரி இறைச்சு வடிகட்டிண்டே இருந்தா ஒரு வருஷம், ரெண்டு வருஷம். மண்ண எடுக்காட்டா எனக்குத் தெரியாது."

"மண்ணு வீட்டுக்குள்ள இருக்கு. மேல தளம் போட்டாச்சு. கூரையும் ஏறிடுச்சு."



அன்று சாயங்காலம் ஆனந்தவள்ளி கடைக்கு லீவு. புது வீட்டுத் தளத்தைக் கழுவிக் கோலம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதை வாசலில் நின்றபடியே சொன்னார்.

அவள் கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அதுக்கு?"

"தளத்த உடைக்கணும்."

"அப்பா, ஊர்ல எத்தனை கிணறு கெட்டுப்போச்சு. சாக்கடை கலக்குது, சாயம் கலக்குது. எவனாவது வந்து நான்தான் செஞ்சேன்னு சொன்னானா? உங்க பங்க்காரன் சொன்னானா?"

"சொல்லல."

"அப்புறம் நீங்க மட்டும் என்ன?"

"அவன் சொல்லாததாலதான் அந்தப் பின்தெரு அத்தனை மாசம் அதக் குடிச்சுது."

"பஸீலா அத்தைக்குத் தெருமுனையில கார்ப்பரேஷன் பைப் இருக்கு. அதுல புடிச்சுக்கச் சொன்னா முடிஞ்சுது. கெணத்துல பாசி புடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

"பைப்புத் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது. குடிக்க வேணா ஆகும். மாவுக்கு ஆகாது. இங்க நம்ம மண்ணு கிடக்குற வரைக்கும் அது போய்க்கிட்டேதான் இருக்கும் வள்ளி."

அவள் தளத்தைப் பார்த்தாள். வழவழப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கொத்தனார் வராத நாட்களில் மட்டக்கட்டையைப் பிடித்து அதை இழுத்தவர் மருதையேதான்.

"நின்னு நின்னு என் காலு ரெண்டும் வீங்கிப்போச்சுப்பா. இந்தத் தரையில படுக்கலாம்னுதான் நின்னேன்." அழவில்லை. தாவணிக் காலத்திலிருந்தே அவள் அழுவதைக் குறைத்துக்கொண்டவள். "உடைக்கிறதுன்னா நான் கடைக்குப் போன பொறவு உடைங்க. சத்தம் கேக்க வேணாம்."

விடிந்ததும் மருதை பஸீலா வீட்டுக்குப் போனார். அவள் உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத அரைக்காதீங்கம்மா."

"ஏண்ணே? கிரைண்டர் இப்ப சுத்தமா இருக்கு. புது கிரீஸ் போடச் சொல்லிட்டேன்."

"கிரைண்டர் இல்ல. தண்ணி."

சொன்னார். அவள் உளுந்துக்குள் விட்ட கையை எடுக்காமலேயே கேட்டாள்.

"பங்க்குல நோண்டுன மண்ணா அது?"

"ஆமாம்மா."

"அங்க வேணாம்னு அள்ளிப் போட்டத இங்க கொண்டாந்து போட்டீங்க."

"ஆமா."

"நான்தான மோட்டார் போட்டு உட்டேன்."

"ஆமா."

"மூணு நாளும்."

பஸீலா கையை வெளியே எடுத்து உதறினாள். பாத்திரத்தைப் பார்த்தாள். "இத எங்க கொட்டுறது? ஆட்டுக்குப் போடலாமா?"

"தெரியாதும்மா."

"மண்ணுல கொட்டலாமா?"

"தெரியாது."

"என்னதான் உங்களுக்குத் தெரியும்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்ச் சின்ன மண்வெட்டியை எடுத்து வந்து, வாசல் நிலையின் ஓரம் மிதித்து வைத்த மண்ணைக் கொத்த ஆரம்பித்தாள். மருதை மண்வெட்டியை வாங்கக் கையை நீட்டினார். கொடுக்கவில்லை. கொத்தி, சட்டியில் அள்ளி, அவர் காலடியில் வைத்தாள்.

"இந்த ரெண்டு சட்டி நானா கேட்டு வாங்குனது. இந்தப் பாவம் என்னோடது. மிச்ச லோடு உங்களுது. எடுத்துட்டுப் போங்க."

ஆனந்தவள்ளி பஸ் ஏறிய பிறகு மருதை சம்மட்டியைத் தூக்கினார். தளம் முதல் அடிக்கு அசையவில்லை. நன்றாகப் போட்ட தளம். மூலையில் கடப்பாரையை நுழைத்து நெம்பியதும் பலகை மாதிரி பெயர்ந்து, அடியிலிருந்து வாசம் எழும்பியது. ஒரு நாளும் போகாமல் அங்கேயே மூடிக்கிடந்த வாசம். அவர் முகமூடியை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டார்.

மத்தியானம் பிச்சை பைக்கில் வந்து இறங்கினார். இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்யா, ஒரு வார்த்த என்கிட்ட சொல்லிட்டு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லக் கூடாதா? கம்பெனில என் ஆளுங்க மொத்த பேரையும் வரவேணாம்னுட்டான். லாரிக்காரன தேடிக்கிட்டு இருக்கானுவ. என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே."

"அதையும் சேத்துத்தான் அள்ளிக்கிட்டிருக்கேன் மேஸ்திரி."

பிச்சைக்குக் கோபத்தில் சிரிப்பு வந்து, சிரிப்பு வந்ததில் கோபம் இன்னும் ஏறியது. "நல்லா பேசு. நாளைக்கு எவன் உன்னக் கூப்பிடுறான்னு பாக்குறேன்." கொஞ்ச நேரம் நின்று பள்ளத்தைப் பார்த்தார். கை கொடுக்கவில்லை. மேகனா அனுப்பிய லாரி சந்துக்குள் வந்தபோது, வழியை மறித்து நின்ற தன் பைக்கை மட்டும் நகர்த்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு லோடாக வந்த மண் ஒரு லோடாகப் போகவில்லை. அடியில் இருந்த மணலும் கறுத்திருந்தது. அதையும் வெட்டினார். மேகனாவும் வந்து லாரியோடு நின்று, போதும் என்று சொல்லும் வரை வெட்டினார். வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் இருந்தது. அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

மண்ணை அனுப்பிவிட்டு மேகனா கிணற்றில் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்தாள். பஸீலா கிணற்றின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ரிசல்ட் வர வரைக்கும் தொடாதீங்கோ. குளிக்கக்கூட வேண்டாம்," என்றாள் மேகனா. "எங்காத்துலயும் கிணறுதான். பெருமாள் திருமஞ்சனத்துக்கு அதுலேருந்துதான் எடுப்பா. எனக்குப் புரியறது."

"உங்க கிணத்துல இது வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

மேகனா பாட்டிலின் மூடியைத் திருகினாள். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி. "தெரியலம்மா," என்றாள். "தெருவே நின்னிருக்கும்."

"எனக்குத் தெரு இல்ல. கொல்லைதான் இருக்கு."

மேகனா தன் கம்பெனியிடம் கேட்டுப் பழைய மோட்டார் ஒன்றும் கரி டிரம் ஒன்றும் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு மேல் கம்பெனி ஒன்றும் செய்யவில்லை. காட்டூர் வேலைதான் எங்களுடையது என்றது. பங்க்காரர், என் இடத்தை விட்டுப் போன மண்ணுக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்டார். கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவுக்குப் பார்க்கிறோம் என்றார்கள். லாரியைக் கவனிக்காமல் விட்டதற்காக மேகனாவிடமும் விளக்கம் கேட்டிருந்தார்கள். அதை அவள் சொல்லவில்லை. பிச்சை சொல்லித்தான் தெரிந்தது.

தையில் பால் காய்ச்சவில்லை. மருதை கொஞ்சம் கொஞ்சமாக நல்ல மணலைக் கொண்டுவந்து பள்ளத்தை ரொப்பினார். தண்ணீர் கட்டி இறக்கவில்லை. திமிசுக்கட்டையால் இடித்து இடித்தே இறக்கினார். தளம் போடுகிற நிலைமை இல்லை. ஆனந்தவள்ளி வேலை முடிந்து வந்து அந்த மணல் தரையில் பாயை விரித்துப் படுத்தாள். அப்பாவோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். ஆனால் பஸீலாவின் டிரம்மில் கரி மாற்ற வேண்டிய நாளில், அவளே கடையில் லீவு சொல்லிவிட்டு நின்று, கரிப்பையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

பஸீலா கேன் தண்ணீர் வாங்கி மாவு அரைத்துப் பார்த்தாள். மாவு புளித்தது, பொங்கியது, ஆனால் அவள் மாவு மாதிரி இல்லை. திரும்பி வந்த மெஸ் ஒன்றே ஒன்றுதான். மற்றவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மருதை தண்ணீர் வருகிற நாளெல்லாம் காலையில் தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்று, சைக்கிளின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டி, அவள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலை தேடிப் போனார். அவள் குடங்களை உள்ளே எடுத்து வைப்பாள். வேண்டாம் என்றும் சொன்னதில்லை, நல்லது என்றும் சொன்னதில்லை.

கோடை வந்து, போய், அடுத்த மழையும் வந்தது. மோட்டார் நாள் முழுக்க ஓடியது. அவ்வப்போது மேகனா தன் வண்டியில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். கம்பெனி வேலையாக இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில்.

கடைசியாக வந்தபோது மூவரும் கிணற்றடியில் நின்றார்கள்.

"பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு," என்றாள் மேகனா.

"குடிக்கலாமா?" என்று பஸீலா கேட்டாள்.

"இன்னும் முடியாதும்மா."

பஸீலா தலையாட்டினாள். மேகனா போன பிறகு மருதை அங்கேயே நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"நாளைக்கு இன்னும் ரெண்டு குடம் சேத்து எடுத்தாரேம்மா."

"எடுத்தாங்க. அது உங்க இஷ்டம்," என்றாள் பஸீலா. "ஆனா குடத்துல கொண்டாந்து இத அடைக்க முடியாதுண்ணே. அவங்க எனக்கு வச்சுட்டுப் போனது குடம் இல்ல."

"தெரியும்மா."

"தெரிஞ்சா சரி."

அவள் உள்ளே போனாள். மருதை மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, கரி டிரம்மின் மூடியை இறுக்கினார். வடிகட்டிய தண்ணீர் ஓஸ் வழியாகக் கொல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மருதை பஸீலாவுக்கு ஒரு கிணறு நல்ல தண்ணீர் கடன்பட்டிருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.